பேட்டரி மாப்பிள்ளை

ஜனவரி 8

சின்ன சகலை அவர்களுக்கு,

நீங்கள் இருக்கும் சோதனைக்கூடத்தில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள், காகிதத்தில் எழுதினால்தான் உண்டு, அதையும் காவல் அறையில் பிரித்துப் படித்த பிறகுதான் கையில் தருவார்கள் என்று மச்சினி சொன்னாள். ஆகவே இதை முதலில் படிக்கும் அதிகாரிக்கு ஒரு வணக்கம். இதில் கம்பெனி ரகசியம் எதுவும் இல்லை. குடும்ப ரகசியம் கொஞ்சம் இருக்கிறது. அதை அவர் தன்னோடு வைத்துக்கொண்டால் போதும்.

போன லீவு முடிந்து கிளம்பும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் போனீர்கள். நானும் வாசல்வரை வரவில்லை. அது அப்படியே இருக்கட்டும். இது வேறு விஷயம்.

உங்கள் கார் கம்பெனித் தலைவர் மேடையில் ஏறி, சோப்புக் கட்டி அளவில் ஒன்றைத் தூக்கிக் காட்டி, இதுதான் எங்கள் புது பேட்டரி, காபி குடித்து முடிப்பதற்குள் சார்ஜ் ஏறிவிடும், எந்தக் குளிரிலும் சோராது என்று சொன்னார் அல்லவா? அன்றிலிருந்து இந்தத் தெரு தெருவாக இல்லை. தையல்காரர் உங்கள் கம்பெனிப் பங்கு வாங்கிவிட்டார். மருந்துக்கடைக்காரர் வாங்கிவிட்டார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், ஒரு குடை வாங்கவே ஒரு மாதம் யோசிக்கிறவர், அவரும் வாங்கிவிட்டார். பங்குத் தரகு என் தொழில். இத்தனை வருஷமாக இவர்கள் எல்லோரும் என் ஆபீஸ் படியேறி வந்து, இதை வாங்கலாமா, அதை விற்கலாமா என்று என்னைக் கேட்டவர்கள். இப்போதும் படியேறி வருகிறார்கள். வந்து உட்கார்ந்து, மின்விசிறியை வேகமாக வைக்கச் சொல்லிவிட்டு, "உங்க சகலை என்ன சொல்றார்?" என்று கேட்கிறார்கள்.

பேப்பரில் வந்த உங்கள் போட்டோவை மாமா தன் வீட்டில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவிட்டார். கம்பெனித் தலைவர் காரில் ஏறப் போகிறார். நீங்கள் பக்கத்தில் கதவைப் பிடித்துக்கொண்டு வாயெல்லாம் பல்லாக நிற்கிறீர்கள். சாப்பாட்டு மேஜையில் நான் உட்காரும் நாற்காலிக்கு நேர் எதிரே தொங்குகிறது. அங்கே சாப்பிடப் போனால் ஒவ்வொரு வாய் சோற்றையும் உங்களைப் பார்த்தபடிதான் விழுங்கவேண்டியிருக்கிறது. தெருவில் உங்களுக்குப் பேட்டரி மாப்பிள்ளை என்று பெயர். எனக்கு என்ன பெயர் தெரியுமா? பேட்டரி மாப்பிள்ளையின் சகலை.

இதெல்லாம் தொலையட்டும். மாமா வீட்டை விற்கப் போகிறார். விற்று வரும் அத்தனையையும் உங்கள் கம்பெனிப் பங்கில் போடப் போகிறார். கொஞ்ச காலம் எல்லோரும் வாடகை வீட்டில் இருப்பது, பிறகு இதைப்போல இரண்டு மடங்கு பெரிய வீடு வாங்குவது என்று திட்டம். மாடியில் இருக்கும் உங்கள் மனைவிக்கும் மகளுக்கும் சேர்த்துத்தான் திட்டம். நான் வேண்டாம் என்றேன். ஒரு பொருளைக் கையில் தூக்கிக் காட்டுவது வேறு, அதை லட்சம் வண்டிக்குச் செய்து கொடுப்பது வேறு என்றேன். மாமா சிரித்துக்கொண்டே என் தோளில் தட்டினார். அந்தத் தட்டு எனக்குப் பிடிக்கவில்லை.

நான் உங்களிடம் ரகசியம் கேட்கவில்லை. உள்ளே வேலை பார்ப்பவர் சொல்லி வெளியே இருப்பவர் பங்கு வாங்குவது குற்றம் என்பது என் தொழிலின் முதல் பாடம். 'வீட்டை விற்காதீர்கள்' என்று மாமாவுக்கு ஒரு வரி எழுதுங்கள். நான் சொன்னால் கேட்கமாட்டார். எனக்குப் பொறாமை என்று நினைக்கிறார். என் வீட்டுக்காரியும் அப்படித்தான் சொல்கிறாள். எனக்கென்ன பொறாமை?

இப்படிக்கு,
பெரிய சகலை


ஜனவரி 21

பெரிய சகலைக்கு,

கடிதம் வந்தது. காவல் அறை அதிகாரி அதைக் கொடுக்கும்போது என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்கும் ஒரு சகலை இருக்கிறாராம்.

எனக்கென்ன பொறாமை என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியாகத்தானே கேட்டிருக்கிறீர்கள், பதில் சொல்லிவிடுகிறேன். நான் கிளம்பிய அன்று சாப்பாட்டு மேஜையில், எல்லோரும் இருக்க, என் மகளும் இருக்க, "வண்டி தொடைக்கறவங்ககிட்ட எல்லாமா கம்பெனி ரகசியம் சொல்லுவாங்க?" என்று கேட்டீர்கள். அதற்கு என்ன பெயர்? என் மகள் மறுநாள் கேட்டாளாம், "அப்பா வண்டி தொடைக்கறவராம்மா?" என்று. துடைத்தால்தான் என்ன? ஆனால் நீங்கள் சொன்ன விதம் இருக்கிறதே, அது எனக்கு இங்கே வந்தும் காதைவிட்டுப் போகவில்லை.

எனக்குக் கல்யாணமான புதிதில் அத்தை உங்கள் பழைய சட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார். "பெரிய மாப்பிள்ளைக்குத் தொப்பை போட்டுருச்சு, உங்களுக்குச் சரியா இருக்கும், போட்டுக்குங்க" என்றார். போட்டுக்கொண்டேன். சரியாகத்தான் இருந்தது. மேஜையில் மாமாவுக்குப் பக்கத்து நாற்காலி உங்களுடையது. ஏதாவது கையெழுத்துப் போடவேண்டும் என்றால் மாமா உங்களைத்தான் கூப்பிடுவார். நீங்கள் ஊரில் இல்லாத அன்றைக்குக்கூட, 'பெரியவர் வரட்டும்' என்று காகிதம் காத்திருக்கும். நான் அங்கேயே, அதே அறையில் உட்கார்ந்திருப்பேன்.

இப்போது மாமாவின் பார்வை கொஞ்சம் என் பக்கம் திரும்பியிருக்கிறது. திரும்பிய உடனே உங்களுக்குக் கடிதம் எழுதத் தோன்றிவிட்டது. வீட்டை விற்பது பற்றி என் மனைவி எனக்கு எதுவும் எழுதவில்லை. மாமா விளையாட்டுக்குச் சொல்லியிருப்பார், நீங்கள் பெரிதாக எடுத்துக்கொண்டிருப்பீர்கள். கம்பெனி வேலை பற்றி எதுவும் வெளியே சொல்லமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதனால் பேட்டரி நல்லது என்றும் எழுதமாட்டேன், கெட்டது என்றும் எழுதமாட்டேன்.

இப்படிக்கு,
சின்னவன்


பிப்ரவரி 2

சகலைக்கு,

சரி. பொறாமைதான். ஒத்துக்கொள்கிறேன். போதுமா?

உங்கள் கம்பெனிப் பங்கு ஏறும் நாளில் என் வயிறு எரிகிறது. இறங்கும் நாளில் வீட்டுக்கு இனிப்பு வாங்கிக்கொண்டு போகிறேன். காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால் முதலில் அதைத்தான் பார்க்கிறேன். என் சொந்தப் பங்குகள் எல்லாம் கேட்பாரற்றுக் கிடக்கின்றன. என் மகன் பள்ளிக்கூடத்தில் 'எனக்குப் பிடித்த உறவினர்' என்று கட்டுரை எழுதியிருக்கிறான். யாரைப் பற்றி என்று நான் சொல்லவேண்டியதில்லை. நன்றாக எழுதியிருக்கிறான் என்று தலையைத் தடவிவிட்டு மொட்டைமாடிக்குப் போய் நின்றுகொண்டேன். அந்த மேஜைப் பேச்சும் இந்தப் புகைச்சலில் வந்ததுதான். குழந்தை இருந்ததை நான் யோசித்திருக்கவேண்டும்.

ஆனால் பொறாமைக்காரன் சொல்வதெல்லாம் பொய்யாகிவிடுமா? வீடு விளையாட்டில்லை. கண் டாக்டர் ஒருவர் மனைவியோடு வந்து பார்த்துவிட்டுப் போனார். வாசல் கதவுதான் உங்களுக்குத் தெரியுமே, தரையில் இழுத்துக்கொண்டு வரும், தோளைக் கொடுத்துத் தள்ளினால்தான் திறக்கும். அந்த அம்மாள் தள்ளிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். டாக்டர், "எப்படியும் இடிச்சிட்டுத்தானே கட்டப்போறோம்" என்று சமாதானம் சொன்னார். அத்தை அவர்களுக்குக் காபி கொண்டுவந்துகொண்டிருந்தார். அது காதில் விழுந்ததும் அப்படியே நின்றுவிட்டார். பிறகு ஒன்றும் நடக்காததுபோலத் தட்டை நீட்டினார். உங்கள் மகள் மாடிப்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். உங்கள் மனைவி உங்களுக்கு எழுதாததற்குக் காரணம், உங்கள் பெருமையில் மண்ணைப் போடவேண்டாம் என்பதுதான். என் வீட்டுக்காரியிடம் அழுதிருக்கிறாள்.

பேட்டரி நல்லதா கெட்டதா என்று எனக்குச் சொல்லவேண்டாம். இதை மட்டும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். அந்த வீட்டை இழக்கும் அளவுக்கு உங்களுக்கு அந்தப் பேட்டரியைத் தெரியுமா?

சகலை


பிப்ரவரி 13

பெரிய சகலைக்கு,

தெரியாது.

நான் அந்தப் பேட்டரியைப் பார்த்ததே இல்லை.

எழுத உட்கார்ந்து இரண்டு காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். நேராகச் சொல்லிவிடுகிறேன். இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து என் வேலை கதவு. இதைச் சொல்லலாமா என்று காவல் அறை அதிகாரியிடம் கேட்டேன். "கதவைப் பத்தித் தாராளமா எழுதுங்க, யாருக்கு வேணும் அது?" என்றார்.

குளிர் அறை என்று ஒன்று இருக்கிறது. உள்ளே போனால் மூக்கு மயிர் விறைத்துவிடும். அதில் வண்டியை நிறுத்திவிடுவார்கள். ஓர் இயந்திரக் கை கதவைத் திறக்கும், மூடும், நாளெல்லாம். நான் கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து சத்தத்தைக் கேட்பேன். கதவைச் சுற்றி ஒரு ரப்பர் பட்டை ஓடுகிறது அல்லவா, அது குளிரில் இறுகினால் சத்தம் மாறிவிடும். மெத்தென்று விழவேண்டிய கதவு தகரம் மாதிரி விழும். எந்த இடத்தில் இறுகியிருக்கிறது என்று காதால் கேட்டுச் சொல்வேன். வண்டி வாங்க வருகிறவர்கள் முதலில் செய்வது கதவைத் திறந்து மூடுவதுதான். பேட்டரியை யாரும் தட்டிப் பார்ப்பதில்லை. எனக்கு இந்த வேலை பிடிக்கும். ஆனால் மாமாவின் மேஜையில் உட்கார்ந்து 'நான் கதவு' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பக்கத்து நாற்காலியில் நீங்கள் இருந்தீர்கள்.

பேட்டரிக்காரர்கள் வேறு கட்டடம். கழுத்தில் தொங்கும் அட்டையில் அவர்களுக்கு நீலப் பட்டை, எங்களுக்கு வெள்ளை. அவர்கள் சாப்பிடும்போது ஒரே மேஜையில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டு பேசுவார்கள். ஒருமுறை என் தட்டை எடுத்துக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்தேன். பேச்சை நிறுத்திவிட்டார்கள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை யாரும் வாயைத் திறக்கவில்லை. உங்களுக்கு மட்டும்தான் வயிறு எரிகிறது என்று நினைக்காதீர்கள்.

அந்தப் போட்டோ. அன்றைக்குத் தலைவர் ஏறவேண்டிய வண்டியைக் குளிர் அறையிலிருந்து அப்போதுதான் எடுத்திருந்தார்கள், ரப்பர் உறைந்து கதவு ஒட்டிக்கொண்டது. போட்டோ எடுக்கிறவர்கள் வரிசையாக நிற்கிறார்கள், கதவு வரமாட்டேன் என்கிறது. என்னைக் கூப்பிட்டார்கள். ஓடிப்போய், விளிம்பில் உள்ளங்கையை வைத்துச் சூடேற்றி, மேல் பக்கத்திலிருந்து மெல்ல இழுத்தேன். வந்துவிட்டது. அந்த நிம்மதியில் வந்த சிரிப்பு அது. இன்னொரு முறை பாருங்கள், தலைவர் என்னைப் பார்க்கவே இல்லை.

வீட்டில் நான் பொய் சொல்லவில்லை. "பேட்டரியைப் பத்தி நான் எதுவும் சொல்லக்கூடாது" என்றுதான் சொன்னேன். அதற்கு எல்லோரும் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடித்திருந்தது. அதற்குமேல் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்ல மனம் வரவில்லை.

இதையெல்லாம் அப்படியே மாமாவுக்கும் இன்றைக்கே தனியாக எழுதிவிட்டேன். வீட்டை விற்கவேண்டாம் என்றும் எழுதியிருக்கிறேன். உங்களுக்குத் திருப்தியாக இருக்கும்.

சின்னவன்


பிப்ரவரி 25

தம்பி,

இனிமேல் உன்னை 'நீங்கள்' என்று எழுத என்னால் முடியவில்லை. கோபத்தில்தான் அப்படி எழுதிக்கொண்டிருந்தேன்.

உண்மையைச் சொல்கிறேன், உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஆபீஸ் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். நான் தூக்கம் கெட்டுப் புழுங்கியது ஒரு கதவைப் பார்த்தா என்று. பிறகு கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நேராக மாமா வீட்டுக்குப் போனேன். அந்தப் போட்டோவைச் சுவரிலிருந்து இறக்க வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவது என்று ஒரு வெறி. வாசல் கதவைக்கூட ஒரே தள்ளில் திறந்துவிட்டேன்.

உள்ளே போனால் உன் கடிதம் எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருக்கிறது. மாமா அதைக் கையில் பிடித்துக்கொண்டு உரக்கப் படிக்கிறார். சுற்றி தையல்காரர், மருந்துக்கடைக்காரர், கணக்கு வாத்தியார் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"நான் வெறும் கதவு வேலைதான் பாக்கறேன்னு எழுதறார். பாத்தீங்களா அடக்கத்த?" என்றார் மாமா.

"அடக்கம் இல்ல சார், கெட்டிக்காரத்தனம்" என்றார் மருந்துக்கடைக்காரர். "கடுதாசியப் பிரிச்சுப் படிக்கிற எடத்துல வேற எப்படி எழுதுவார்?"

"அப்ப வீட்ட விக்காதீங்கன்னு எழுதறாரே?" என்று கேட்டார் வாத்தியார்.

"அதான் விஷயமே. வெளியாளுங்க வாங்காம இருக்கணும்னு கம்பெனியில எழுதச் சொல்லியிருப்பாங்க. இன்னும் ஏறப்போகுதுன்னு அர்த்தம்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

வாத்தியார் போன மாதம் வாங்கியது போதாது என்று அன்றைக்கே இன்னும் கொஞ்சம் வாங்கினார். என்னிடம்தான் வந்து வாங்கினார். பங்கு வாங்கும் சீட்டை என் கையால் நானே எழுதிக் கொடுத்தேன். உன் கடிதம் என் பையிலேயே கிடந்தது. அதை எடுத்துக் காட்டினால் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்கள் நம்ப முடிவு செய்துவிட்டார்கள். நீ நேரில் வந்து கதவைக் கழற்றிக் காட்டினாலும் அதற்குள் பேட்டரி ஒளிந்திருக்கிறது என்பார்கள்.

அடுத்த மாதம் நடுவில் டாக்டர் முன்பணத்தோடு வருகிறார். லீவு போட்டுவிட்டு வர முடியுமா?

சகலை


மார்ச் 6

அண்ணே,

லீவு கிடைக்கவில்லை. மாதம் முடிவதற்குள் சோதனையை முடிக்கவேண்டுமாம். மேலதிகாரியிடம் இரண்டு தடவை போய் நின்றேன். "கதவு சரியாகட்டும், அப்புறம் போங்க" என்கிறார். என் மனைவிக்கு எழுதினேன். அவள் மாமாவிடம் பேசியிருக்கிறாள். அவளுக்கும் தோளில் ஒரு தட்டுத்தான் கிடைத்ததாம்.

ஒன்று தோன்றுகிறது. சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது. மாமா என்னை நம்பி இந்தப் பங்கை வாங்கப் போகவில்லை. நான் எத்தனையோ வருஷமாக அந்த வீட்டில் இருக்கிறேன், ஒரு பல்பு மாற்றக்கூட என்னை நம்பியதில்லை. அவர் பார்ப்பது உங்கள் முகத்தை. பெரிய மாப்பிள்ளை தொழில் தெரிந்தவர், அவருக்கே இவ்வளவு வயிறு எரிகிறது என்றால் சின்னவன் கையில் பெரிய புதையல் ஏதோ இருக்கிறது என்று நினைக்கிறார். நீங்கள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்லத்தான் அவருக்கு ஆசை ஏறுகிறது.

இங்கே உட்கார்ந்துகொண்டு இதைத்தான் என்னால் எழுத முடிகிறது. நீங்கள் அங்கே இருக்கிறீர்கள். நான் இல்லை. இப்போது எனக்கு அதுதான் பொறாமையாக இருக்கிறது.

உங்கள்
சின்னவன்


மார்ச் 19

தம்பி,

நீ எழுதியதைப் படித்துக் கோபம் வந்தது. கோபம் தணிந்ததும் நீ சொல்வது சரி என்று பட்டது. அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது. பிறகுதான் ஒரு யோசனை வந்தது.

டாக்டர் வருவதற்கு முந்தின நாள் மாமா வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு. நான் பங்கு வாங்குவதற்கான காகிதங்களை எல்லாம் நிரப்பி, பெருக்கல் குறி போட்டு, உறையில் வைத்துக் கொண்டுபோனேன். சாப்பிட்டு முடித்ததும் மேஜையைத் துடைத்துவிட்டு மாமா முன்னால் விரித்தேன்.

"மாமா, எல்லாம் தயார். குறி போட்ட எடத்துல கையெழுத்துப் போட்டீங்கன்னா, டாக்டர் பணம் வந்த அன்னிக்கே வாங்கிடறேன்" என்றேன்.

மாமா என்னையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "நேத்துவரைக்கும் வேண்டாம்னு சொன்னீங்களே, மாப்ள?"

"தப்பு மாமா. பொறாமையில சொன்னேன்."

என் வீட்டுக்காரி கையிலிருந்த டம்ளரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். உன் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். நீ எழுதியது அவளுக்குத் தெரியும் அல்லவா, நானும் கட்சி மாறிவிட்டேன் என்று நினைத்திருப்பாள். அவளிடம் முன்னாலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

நான் பேசினேன். உன்னைப் பற்றித்தான் பேசினேன். ஊரைவிட்டுப் போய்க் குளிரில் கிடந்து வேலை பார்க்கிறவர், மகள் வளர்வதைப் பார்க்காமல் இருக்கிறவர், யாரும் கவனிக்காத ஒன்றை மணிக்கணக்காகக் காது கொடுத்துக் கேட்கிற பொறுமை உள்ளவர், இந்த வீட்டில் அவருக்கு உரிய இடத்தை நாங்கள் யாரும் கொடுத்ததில்லை, நானும் கொடுத்ததில்லை என்று. நடிக்கவேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன். பாதிக்குமேல் எது நடிப்பு, எது நிஜம் என்று எனக்கே தெரியவில்லை. எதிரே சுவரில் நீ கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாய்.

மாமா பேனா மூடியைக் கழற்றினார். தம்பி, போட்டுவிட்டால்? குறி போட்டு வைத்திருப்பது நான். காகிதத்தைப் பிடுங்கிக் கிழிக்கவா முடியும்? பேனா காகிதத்தைத் தொடப் போனது.

நின்றது.

"இவ்வளவு நாளும் குறுக்க நின்னீங்க. இன்னிக்கு நீங்களே குறி போட்டு வேற கொண்டுவந்திருக்கீங்க" என்றார்.

"நல்லது நடக்கறப்ப எதுக்கு மாமா குறுக்க நிக்கணும்?" என்று சொல்லிச் சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

மாமா அத்தையைத் திரும்பிப் பார்த்தார். "பெரியவர் இவ்வளவு சந்தோஷமா இருந்து நான் பாத்ததே இல்ல. எனக்கு இது சரியாப் படல."

"ஆறப் போட்டுத்தான் பாப்பமே. வீடு எங்கயும் ஓடிடாது" என்றார் அத்தை. இதைச் சொல்ல அவர் எத்தனை நாளாகக் காத்திருந்தாரோ.

"இதுல உங்களுக்குக் கமிஷன் உண்டா, மாப்ள?" என்று கேட்டார் மாமா.

"உண்டு மாமா" என்றேன். உண்டுதானே.

பேனாவை மூடிவிட்டார்.

டாக்டரை வரவேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. வீடு இருக்கிறது. ஆனால் இன்னொன்றும் நடந்தது. என்னிடம் இருந்த தன் கணக்கை மாமா வேறு தரகரிடம் மாற்றிக்கொண்டார். எனக்குக் கல்யாணமான வருஷத்திலிருந்து நான் பார்த்த கணக்கு அது. புதுத் தரகர் பையனுக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. கமிஷனுக்காக மாமனார் வீட்டையே விற்கப் பார்த்தவர் என்று தெருவில் என்னைப் பற்றிப் பேச்சு. என் வீட்டுக்காரியிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். உன் மனைவிக்கு அவள் சொல்லிவிட்டாள். மாமாவுக்கு மட்டும் தெரியவேண்டாம்.

மேஜையில் மாமாவுக்குப் பக்கத்து நாற்காலி இப்போது காலியாகத்தான் இருக்கிறது. நான் தள்ளி உட்கார்ந்துகொள்கிறேன். ஒரு வசதி, அங்கிருந்து போட்டோ தெரிவதில்லை.

அண்ணன்


ஏப்ரல் 2

அண்ணா,

உங்கள் கடிதத்தைக் கொடுத்தபோது காவல் அறை அதிகாரி எழுந்து நின்றுகொண்டு கொடுத்தார். சாயங்காலம் வெளியே போகும்போது, தன் சகலைக்கு ஒரு கடிதம் எழுதப் போவதாகச் சொன்னார்.

நான் வந்து எல்லோரையும் உட்கார வைத்து நீங்கள் செய்ததைச் சொல்லப் போகிறேன். வேண்டாம் என்று சொல்லாதீர்கள். நான் செய்யவேண்டியதை நீங்கள் செய்தீர்கள், கெட்ட பெயரையும் நீங்களே வாங்கிக்கொண்டீர்கள். உங்கள் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டபோதுகூட நான் இவ்வளவு குறுகவில்லை.

நேற்று பங்கு இன்னும் ஏறிவிட்டதாக இங்கே பேசிக்கொண்டார்கள். மாமா உங்களைத்தான் திட்டிக்கொண்டிருப்பார். எனக்குத் தெரியும்.

கதவுச் சோதனை முடிந்துவிட்டது. மெத்தென்று விழுகிறது. அடுத்த வாரம் லீவு. கைப்பெட்டியில் உளியும் இழைப்புளியும் எடுத்துக்கொண்டு வருகிறேன், கம்பெனி உடைமை இல்லை, என் சொந்தக் காசில் வாங்கியவை. வீடு இருக்கிறதே, வாசல் கதவைப் பார்க்கவேண்டும்.

உங்கள் தம்பி


மே 24

தம்பி,

நீ வந்து போனதிலிருந்து வீடு அமைதியாக இருக்கிறது. மேஜையில் நீ வாயைத் திறந்தபோதெல்லாம் நான் உன் காலை மிதித்தேன். இனிமேலும் திறக்காதே. மாமாவுக்கு இந்த வயதில் தான் ஏமாறப் பார்த்தது தெரியவேண்டாம். கமிஷன்காரன் என்ற பெயரோடு நான் இருந்துவிட்டுப் போகிறேன், என் தொழிலில் அது ஒன்றும் பெரிய வசவு இல்லை.

பேப்பரில் பார்த்திருப்பாய். புது பேட்டரியைத் தொழிற்சாலையில் செய்ய இன்னும் பல வருஷம் ஆகும் என்று உங்கள் தலைவர் சொல்லிவிட்டார். பங்கு ஏறிய வேகத்தைவிட வேகமாக இறங்கிவிட்டது. வாத்தியார் என் ஆபீஸுக்கு வந்து, பங்கு வாங்கிய சீட்டை ஒரு மணி நேரம் மடித்தும் பிரித்தும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார். நான் எழுதிக் கொடுத்த சீட்டுதானே. என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இந்த முறை இனிப்பு வாங்கத் தோன்றவில்லை.

ஆனால் மாமா என்ன சொன்னார் தெரியுமா? எல்லோரும் இருக்கும்போது அந்தப் போட்டோவைக் காட்டி, "சின்ன மாப்ள அப்பவே எழுதினார், வீட்ட விக்காதீங்கன்னு. அதுல ஒரு எச்சரிக்கை இருந்துது. எனக்கு ஒருத்தனுக்குத்தான் அது புரிஞ்சுது. நல்ல வேளை, பெரியவர் பேச்சக் கேட்டுக் கையெழுத்துப் போடல" என்றார். தம்பி, அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. பழைய புகைச்சல் அப்படியே திரும்பி வந்துவிட்டது. வீட்டுக்காரி ஒரு டம்ளர் தண்ணீரைக் கொடுத்துவிட்டுச் சிரித்தாள்.

வாசல் கதவு இப்போது ஒரு விரலால் தொட்டால் திறக்கிறது. சாத்தினால் மெத்தென்று விழுகிறது. அத்தை காரணமே இல்லாமல் திறந்து திறந்து சாத்துகிறார். நேற்று வந்தவர்களிடம் பெருமையாகச் சொல்கிறார், "எங்க சின்ன மாப்ளைக்குப் பேட்டரி மட்டுமில்ல, கதவு வேலைகூடத் தெரியும்!" நான் மட்டும் சமையலறைப் பக்கம் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன். பிறகு யாரும் பார்க்காதபோது நானும் ஒருமுறை சாத்திப் பார்த்தேன். பேட்டரிமேல் எனக்கு இப்போது பொறாமை இல்லை. அந்தச் சத்தத்தின்மேல்தான் கொஞ்சம் பொறாமையாக இருக்கிறது. இத்தனை வருஷத் தொழிலில் என் கையால் செய்த எதுவும் அப்படி ஒரு சத்தம் போட்டதில்லை.

என் ஆபீஸ் கதவும் கரகரவென்று இழுக்கிறது. அடுத்த லீவில் அதையும் ஒரு பார்வை பார். ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, பின்பக்கப் படி வழியாக வா. பேட்டரி மாப்பிள்ளை தரகர் ஆபீசுக்குள் நுழைந்தார் என்று தெரிந்தால் இந்தத் தெரு மறுபடியும் பங்கு வாங்க ஆரம்பித்துவிடும்.

உன் அண்ணன்